பூவின் பெயர் கொண்ட ஊரில் ஆவாரைக்கு இடமில்லையா?

சென்னை சென்ட்ரலில் இருந்து நேர் மேற்கே கிளம்பும் சாலைக்கு இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பெயர். ஆனாலும் ஆட்டோக்காரர் முதல் கடைக்காரர் வரை பலருக்கும் அது இன்னும் "பூந்தமல்லி ஹைரோடு" தான். அந்தச் சாலை போய்ச் சேரும் ஊர் பூந்தமல்லி. பூவிருந்தவல்லி என்ற பெயர்தான் மருவிப் பூந்தமல்லி ஆனது என்பார்கள். இங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலில் தாயாரின் பெயர் கூட புஷ்பவல்லி!

ஊருக்கு இந்தப் பெயர் சும்மா வரவில்லை. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருக்கச்சி நம்பி இந்த ஊர்க்காரர். ராமானுஜர் குருவாக மதித்த பெரியவர். இங்கே நந்தவனம் அமைத்துப் பூ வளர்த்து, அந்தப் பூவைக் காஞ்சிபுரம் வரதராஜருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே தன் தொண்டாக வைத்திருந்தார் என்று வைணவ மரபு சொல்கிறது. அதாவது, ஒரு மனிதன் செடி வளர்த்ததால் பேர் பெற்ற ஊர் இது.

இன்றைய பூந்தமல்லியில் நிலைமை என்ன? வயல்கள் மனைகள் ஆகிவிட்டன. மனைகள் வீடுகள் ஆகிவிட்டன. வீட்டுக்கு முன்னால் மிஞ்சுகிற பத்தடி இடத்தில் முக்கால்வாசி கார் நிறுத்த சிமெண்ட் தரையாகிறது. மீதி இருக்கும் கால்வாசியில் வெயில் கொளுத்துகிறது. அங்கே என்ன வைப்பது என்று யோசித்து, நர்சரிக்குப் போய், கொரியன் புல்லும் காகிதப்பூவும் குரோட்டன்ஸும் வாங்கி வருகிறார்கள். ஒரு கோடை தாண்டுவதற்குள் புல் காய்ந்து மண் தெரிகிறது. அப்புறம் "இந்த வெயில்ல ஒண்ணும் வராதுப்பா" என்று சொல்லி அந்த இடத்துக்கும் டைல்ஸ் போட்டுவிடுகிறார்கள்.

அந்த வெயிலையே சாப்பிட்டு வளரும் செடி ஒன்று இருக்கிறது. விலை கிடையாது. உரம் வேண்டாம். வேர் பிடித்துவிட்டால் தண்ணீரும் பெரிதாக வேண்டாம். வருடக் கணக்கில் வாழும். அதுதான் ஆவாரை. வெயில் படும் ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்திலும் ஓர் ஆவாரைச் செடியாவது இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வரும் விஷயம்.

யார் இந்த ஆவாரை?

ஆவாரம்பூவைத் தெரியாத தமிழர் குறைவு. ஆனால் ஆவாரைச் செடியை நேரில் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்த நகரத்து மாணவர்கள் அதைவிடக் குறைவு. கடையில் பாக்கெட்டில் காய்ந்த பூவாகவோ, சோப்பு விளம்பரத்தில் படமாகவோ தான் பலருக்கு அறிமுகம்.

இது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான புதர்ச்செடி. ஆளுயரம் வரை, நல்ல இடமாக இருந்தால் அதற்கு மேலும் வளரும். ஐந்து இதழ் கொண்ட பொன் மஞ்சள் பூக்கள் கிளை நுனியில் கொத்துக் கொத்தாக வரும். தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. 1753இல் லின்னேயஸ் இதற்குக் காசியா ஆரிகுலேட்டா என்று பெயர் வைத்தார். "ஆரிகுலேட்டா" என்றால் காது உடையது என்று பொருள். இலைக்காம்பின் அடியில் பார்த்தால் குட்டிக் காது மாதிரி அகலமான ஒரு பச்சைச் செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் காதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், மஞ்சள் பூப் பூக்கும் மற்ற செடிகளோடு குழப்பம் வராது.

குழப்பம் வராமல் இருப்பது முக்கியம். ஏனென்றால் இதே இனத்தில் வெளிநாட்டில் இருந்து வந்தவையும் உண்டு. சீமையகத்தி அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது. அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மஞ்சள் கொன்றை, இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, வனத்துறை அதை வெட்டி அகற்றப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறது. பார்வைக்கு இரண்டும் மஞ்சள் பூதான். ஒன்று காட்டின் பிள்ளை. இன்னொன்று காட்டையே விழுங்குகிறது.

ஆவாரையின் வயது தமிழ் இலக்கியத்தின் வயது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் "ஆவிரை"யும் ஒன்று. சங்கப் பாடல்களில் காதல் கைகூடாமல் மடலேறத் துணிந்த தலைவன், பனைமட்டைக் குதிரைக்கு ஆவிரைப் பூமாலை சூட்டுகிறான். நாலு பேர் சிரிப்பார்கள் என்ற வெட்கத்தை விட்டவனின் பூ அது!

பொங்கல் சமயத்தில் கொங்கு நாட்டுப் பக்கம் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் சேர்த்துத்தான் வாசலில் செருகுவார்கள். மழைக்காலம் முடிந்து தை பிறக்கும்போது காடு மேடெல்லாம் பூத்துக் கிடப்பது இந்தப் பூதான். சாமிக்கு எந்தப் பூ உகந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை. கைக்கு எட்டிய பூவே பண்டிகைப் பூவாகிவிட்டது.

பக்கத்து மாநிலம் தெலங்கானா உருவான 2014ஆம் ஆண்டிலேயே, "தங்கேடு" என்று அவர்கள் அழைக்கும் இதே ஆவாரம்பூவை மாநில மலராக அறிவித்தார்கள். அங்கே பதுகம்மா பண்டிகையில் பெண்கள் தட்டில் பூக்களைக் கோபுரமாக அடுக்கிச் சுற்றி வந்து பாடுவார்கள். அந்தக் கோபுரத்தில் தங்கேடு இல்லாமல் இருக்காது. இலங்கையில் இதற்கு ரணவரா என்று பெயர், அங்கே பூவைக் கொதிக்கவைத்துத் தேநீர் போலக் குடிப்பது வழக்கம். ஒரே செடி, மூன்று இடங்களில் மூன்று மரியாதை.

தோல் தொழிற்சாலைக்குப் போன ஆவாரை

இந்தச் செடிக்கு அதிகம் பேர் அறியாத ஒரு பழைய கதை உண்டு. சென்னை மாகாணத்தில் தோல் பதனிடும் தொழில் பெரிதாக வளர்ந்தபோது, அதற்கு ஆதாரமாக இருந்தது ஆவாரம் பட்டை. பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் தோலைப் பதப்படுத்தும். இங்கே ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல்கள் கப்பலேறி இங்கிலாந்து வரை போயின. ஆங்கிலத்தில் இதற்குத் "தோல் பதனிடுவோரின் காசியா" என்றே ஒரு பெயர் உண்டு.

பிறகு 20ஆம் நூற்றாண்டில் குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை வந்தது. (குரோம்பேட்டை என்ற பெயர் வந்தது அங்கிருந்த குரோம் தோல் கம்பெனியால் தான்.) ஆவாரம் பட்டைக்குப் பதிலாக வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தின் பட்டையும் வந்தது. நீலகிரியில் சீகை மரம் என்று சொல்வது இதைத்தான். பட்டைக்காக மலைமேல் நட்ட அந்த மரம், சோலைக்காடுகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளில் பரவிப் பல இடங்களை மூடிவிட்டது. இன்றைக்கு அதையும் வெட்டி அகற்ற வேண்டியிருக்கிறது.

ஆக, உள்ளூர்ச் செடியை ஒதுக்கிவிட்டு வெளியூர்ச் செடியைக் கொண்டுவந்தால் அதற்கான கணக்கு உடனே தெரியாது. இரண்டு மூன்று தலைமுறை கழித்துத்தான் பில் வரும். உண்ணிச்செடியும் இப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுச் செடியாக இந்தியாவுக்குள் வந்தது. இன்று நாட்டின் காடுகளில் அது பிடித்திருக்கும் இடத்துக்கு அளவே இல்லை. "ஒரு வீட்டுத் தோட்டத்தில் என்ன வைத்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு உண்ணிச்செடியே பதில்.

தண்ணீர்க் கணக்கு

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சென்னைப் பகுதியில் வருடத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குறைவான மழை இல்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் கொட்டிவிடுகிறது. ஜனவரியில் இருந்து மே வரை பெரும்பாலும் வறட்சிதான். 2003ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தது.

இந்த வெயிலில் புல்தரை உயிரோடு இருக்க நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். 200 சதுர அடிப் புல்தரை என்றால் ஏறத்தாழ 93 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் ஆறு குடம். அதுவும் தினமும்! ஒரு மாதத்துக்கு 2800 லிட்டர். ஒரு சின்னக் குடும்பம் பல நாள் புழங்குகிற தண்ணீர்.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில்தான் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அந்த ஏரியில் இருந்து திறந்த தண்ணீரைப் பற்றி நாடே பேசியது. நான்கு வருடம் கூட ஆகவில்லை, 2019 கோடையில் அதே ஏரி வறண்டு தரை வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில் பார்வைக்கு மட்டும் ஒரு பச்சைப் புல்தரை என்பது நியாயமா?

ஆவாரை இந்தப் பருவத்துக்கு என்றே பழகிய செடி. ஆணிவேரை ஆழமாக இறக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு, தையில் பூத்து, கோடையைத் தாங்கி நிற்கும். முதல் வருடம் மட்டும் கொஞ்சம் கவனித்தால் போதும்.

பூச்சிகளுக்கு அது ஹோட்டல்

ஆவாரம்பூவில் தேன் கிடையாது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். வண்டுக்கு அது தருவது மகரந்தம் மட்டுமே. அதுவும் சுலபமாகக் கிடைக்காது. மகரந்தப் பை முழுதாகத் திறக்காது, நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். அந்த அதிர்வில்தான் உப்பு டப்பாவைக் குலுக்கினால் கொட்டுவது போல மகரந்தம் கொட்டும். காலை நேரத்தில் பூத்த செடியின் பக்கத்தில் நின்றால், "ர்ர்ர்" என்று விட்டுவிட்டு வரும் அந்தச் சத்தத்தைக் காதாலேயே கேட்கலாம்.

இலை வேறொருவருக்குச் சாப்பாடு. வெளிறிய வெள்ளை நிறத்தில் வேகமாகப் பறந்து போகும் ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு. கூட்டமாக இடம்பெயர்ந்து போவதால் ஆங்கிலத்தில் எமிகிரன்ட் என்பார்கள். ஆவாரை, தகரை போன்ற செடிகளில்தான் அது முட்டையிடும். அதன் புழு இந்த இலையைத் தின்றுதான் வளர வேண்டும். காகிதப்பூ இலையையோ கொரியன் புல்லையோ வைத்துக்கொண்டு அந்தப் புழு என்ன செய்யும்? அமெரிக்காவில் மோனார்க் வண்ணத்துப்பூச்சி குறைகிறது என்று தெரிந்ததும், அதன் புழு தின்னும் மில்க்வீட் செடியை மக்கள் வீட்டுத் தோட்டங்களில் நட ஆரம்பித்தார்கள். அங்கே மில்க்வீட் போல இங்கே ஆவாரை.

புழு இலையைக் கடித்தால் பயந்துபோய் மருந்து அடிக்கக் கூடாது. ஆவாரை மறுபடி துளிர்க்கும். மருந்து அடித்தால் வண்ணத்துப்பூச்சி மறுபடி வராது.

வளர்ப்பது எப்படி?

நர்சரியில் தேடினால் ஆவாரை கிடைப்பது கஷ்டம். இலவசமாக முளைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அவர்கள் வைப்பதில்லை. விதைதான் வழி.

1. ஊருக்கு வெளியே தரிசிலோ ரயில் பாதை ஓரத்திலோ இருக்கும் செடியில், பழுப்பாகக் காய்ந்த தட்டையான காய்கள் சிலவற்றை மட்டும் பறிக்க வேண்டும். செடியை வேரோடு பிடுங்கி வரக் கூடாது. ஆணிவேர் அறுந்தால் பிழைப்பது அபூர்வம். உள்ளதும் போய்விடும்.

2. விதையின் தோல் கெட்டியானது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தோ, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஆறவிட்டோ, ஓர் இரவு ஊறவைத்த பிறகு விதைக்க வேண்டும். இதைச் செய்யாமல் "முளைக்கவே இல்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

3. ஆடி, ஆவணியில் விதைத்தால் பெருமழை வருவதற்குள் செடி காலூன்றிவிடும். தொட்டியில் முளைக்கவைத்து நடுவதைவிட, இருக்கப்போகும் இடத்திலேயே இரண்டு மூன்று விதை ஊன்றி, நன்றாக வருவதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுவது நல்லது.

4. நாள் முழுவதும் வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் வளரும், ஆனால் பூக்காது. செடிக்குச் செடி மூன்று நான்கு அடி இடைவெளி தேவை.

5. தண்ணீர் தேங்கக் கூடாது. பூந்தமல்லிப் பக்கம் கார்த்திகையில் பல தெருக்களில் தண்ணீர் நிற்கும். ஆகவே தரையைவிட முக்கால் அடியாவது மேடாக மண் கூட்டி அதன்மேல் விதைப்பது நல்லது.

6. முதல் கோடையில் வாரம் இரண்டு முறை தண்ணீர் போதும். முதல் வருடமே சில பூக்கள் வரலாம். கண்ணுக்கு நிறையப் பூப்பது இரண்டாம் வருடத்தில் இருந்துதான்.

7. பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு கிளையை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் செடி கன்னாபின்னா என்று நீண்டு அடியில் மொட்டையாகிவிடும். வெட்டிய தழையைத் தூக்கிப்போட வேண்டாம். வயலுக்குத் தழை உரமாக ஆவாரையைப் போடுவது பழைய வழக்கம். மக்கவிட்டால் நல்ல எரு.

மண் இல்லாத வீட்டில் மொட்டை மாடியில் பெரிய தொட்டியில் வைக்கலாம். செடி குட்டையாகத்தான் இருக்கும், ஆனால் பூக்கும்.

சொல்லப்படும் ஆட்சேபணைகள்

"புதர் மண்டினால் பாம்பு வரும்" என்பது முதல் ஆட்சேபணை. பயம் நியாயமானதுதான். ஆனால் பாம்பைக் கூப்பிடுவது எலி. எலியைக் கூப்பிடுவது குப்பை. செடியின் அடிப்பாகத்தில் ஓரடி வரை கிளைகளைக் கழித்து, தரை தெரியும்படி வைத்துக்கொண்டால் ஒளிந்துகொள்ள இடமே இருக்காது.

"இது தரிசு நிலத்துச் செடி, வீட்டுக்கு லட்சணமாக இருக்காது" என்பது அடுத்தது. இதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியது உயர்ந்தது, சும்மா முளைத்தது தாழ்ந்தது என்ற எண்ணம். இதே ஆவாரைக்கு ஓர் ஆங்கிலப் பெயர் ஒட்டி, கறுப்புத் தொட்டியில் வைத்து, முந்நூறு ரூபாய் என்று எழுதினால் அழகாகிவிடும் போலிருக்கிறது! சென்னை அடையாறில் 58 ஏக்கரில் இருக்கும் தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டபோது, இந்த மண்ணின் செடி மரங்களைக் கொண்டுதான் அதை மீட்டெடுத்திருந்தார்கள். குப்பையும் சாக்கடையுமாகக் கிடந்த இடத்தைச் "சும்மா முளைக்கும்" செடிகள் எப்படி மாற்றின என்பதை அங்கே போய்ப் பார்க்கலாம்.

மூன்றாவது, ஆட்சேபணை என்று சொல்ல முடியாது. அளவுக்கு மீறிய ஆசை. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு, ஆவாரம்பூ டீ குடித்தால் சர்க்கரை வியாதி ஓடிவிடும் என்று பரப்புகிறார்கள். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்ற மருந்து உண்டு என்பது உண்மை. அதைத் தகுதியான மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் நாலு பூப் பறித்துக் குடித்துவிட்டு, மாத்திரையை நிறுத்துவது விபரீதத்தில் முடியும். இதே இனத்தைச் சேர்ந்த நிலாவாரை பேதிக்குக் கொடுக்கும் மருந்து. செடியை மாற்றிப் பறித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆவாரையைப் பூவுக்காக, வண்டுக்காக, வண்ணத்துப்பூச்சிக்காக வளர்த்தாலே போதும்.

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள் ஆயிற்றே, அதை வளர்க்கலாமே என்று சிலர் கேட்கலாம். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் கிழங்கும் விதையும் உயிரைப் பறிக்கும் விஷம். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அது வேண்டாம்.

ஊருக்கும் ஒரு வேலை

தனி வீட்டோடு இது முடிந்துவிடக் கூடாது. பள்ளி மைதான ஓரம், பூங்காவின் வெயில் மூலை, அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் ஓரம் என்று எல்லா ஊரிலும் யாரும் கவனிக்காத இடங்கள் இருக்கின்றன. ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்கள் ஆளுக்கு இரண்டு விதை ஊன்றினால் எண்பது. பாதி பிழைத்தாலும் நாற்பது செடி. அடுத்த வருடம் அந்தச் செடிகளே விதை கொடுக்கும். தாவரவியல் பாடத்தில் படம் வரைந்து மார்க் வாங்குவதைவிட, கருவண்டு பூவைக் குலுக்குவதை ஒரு தடவை பார்த்தால் மகரந்தச் சேர்க்கை ஆயுசுக்கும் மறக்காது.

இதில் அவசரமும் இருக்கிறது. மனைகள் பெருகப் பெருக, ஆவாரை தானாக முளைத்துக் கிடந்த தரிசுகள் குறைந்துகொண்டே போகின்றன. விதை எடுக்கத் தாய்ச்செடி ஊரைச் சுற்றி இருக்கும்போதே வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தால்தான் உண்டு. அதுவும் அழிந்த பிறகு, பொங்கலுக்கு ஆவாரம்பூவை லாரியில் வரவழைத்துக் கட்டு இவ்வளவு என்று விலை பேசி வாங்க வேண்டியதுதான்.

ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவர் மண்ணைக் கொத்திப் பூ வளர்த்ததை நினைத்துப் பெருமைப்படும் ஊர் பூந்தமல்லி. அவர் காஞ்சிபுரம் வரை பூச் சுமந்தார். இன்றைக்கு யாரும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம். காய்ந்த காய் நாலு, ஓர் இரவு ஊறவைக்கத் தண்ணீர், வெயில் படும் மூன்றடி மண். அந்த மூன்றடிக்கு டைல்ஸ் போடாமல் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.